எழுத்தே தெரியாத பாட்டிக்குப் பேத்தி சொல்லிக்கொடுக்கிறாள்: எந்த எழுத்தில் தொடங்குவது?

வினாக்குறி (இழையைத் தொடங்கியவர்)

பள்ளிக்கூடப் பக்கமே போகாத 65, 70 வயதுக்காரர். பேச்சில் குறையில்லை, கணக்கை மனசிலேயே போடுவார், போனில் எண் பார்த்து அழைப்பார். எழுத்து மட்டும் தெரியாது. சொல்லிக்கொடுக்கப்போவது நாலாவதோ ஐந்தாவதோ படிக்கிற பேத்தி. கையில் இருப்பது பேத்தியின் பழைய அரிச்சுவடி.

கேட்க வந்தது இவ்வளவுதான்: அ, ஆவில்தான் தொடங்கணுமா? ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்? எழுதவும் வைக்கணுமா, படித்தால் போதுமா? இந்த வயதில் எழுத்து மனசில் நிற்குமா? "வயது ஒரு தடையே இல்லை" போன்ற வாழ்த்துகள் வேண்டாம், தயவுசெய்து. வேலைக்கு ஆகிற விவரம் சொல்லுங்கள்.

---

மூக்குக்கண்ணாடி

எழுத்துக்கு முன்னால் கண். இதைத் தவிர்த்துவிட்டு ஆரம்பித்த வீடுகளில் இரண்டாவது வாரமே "எனக்கு மண்டையில ஏறல" என்று புத்தகத்தை மூடிவிடுவார்கள். ஏறாதது மண்டையில் இல்லை, கண்ணில்.

இதுவரை படிக்காதவருக்குக் கிட்டப் பார்க்கிற கண்ணாடி தேவைப்பட்டிருக்காது. ஊசியில் நூல் கோக்க யாரையாவது கூப்பிட்டிருப்பார், அவ்வளவுதான். அறுபதைத் தாண்டியவருக்குப் பொதுவாக +2.50 அளவில் வாசிப்புக் கண்ணாடி வேண்டியிருக்கும். ஆனால் இரண்டு கண்ணும் ஒரே அளவில் இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் வீட்டில் கிடக்கும் யாருடைய கண்ணாடியையும் மாட்டிவிடாமல் அளந்து வாங்குங்கள். அளக்கும்போதே கண்புரை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுவார்கள். கண்புரை அறுவை முடிந்து லென்ஸ் வைத்தவர் "இப்ப எல்லாம் பளிச்சுன்னு தெரியுது" என்பார். அது பெரும்பாலும் தூரப் பார்வை. கிட்டப் பார்க்க அவருக்கும் கண்ணாடி வேண்டும்.

தாள் கண்ணிலிருந்து 40 செ.மீ. தள்ளி இருக்கட்டும். வெளிச்சம் இடது தோளுக்கு மேலிருந்து வந்தால் வலது கையின் நிழல் தாளில் விழாது. வழவழப்பான தாள் வேண்டாம், மினுங்கும். முதல் மாதம் எழுத்தின் உயரம் ஒரு செ.மீ.க்குக் குறையக் கூடாது. தமிழில் புள்ளி ஒன்று இருக்கிறதே, சின்ன எழுத்தில் முதலில் காணாமல் போவது அதுதான். "படம்" என்பது "படம" ஆகிவிட்டால் பாட்டி என்ன செய்வார்?

---

கரும்பலகை

அரிச்சுவடியை மூடி வையுங்கள். அ, ஆ, இ, ஈ என்கிற வரிசை எழுத்துகளை அடுக்கி வைப்பதற்கு வந்தது. சொல்லிக்கொடுப்பதற்கு அது தோதுப்படாது. காரணம் எளிது: பன்னிரண்டு உயிரையும் முடித்தாலும் அதைக் கொண்டு படிக்கச் சொல் கிடைக்காது. ஆ, ஈ, ஐ என்று ஓரெழுத்துச் சொற்கள்தான் மிஞ்சும். முதல் நாளே ஒரு முழுச் சொல்லைப் படித்துவிட்டவர் மறுநாள் தானாக வந்து உட்காருவார். ஒரு வாரம் எழுத்தை மட்டும் ஒப்பித்தவர் வரமாட்டார்.

என் வரிசை ட, ப, ம. மூன்றும் கோட்டில் எழுதுகிற எழுத்து. மேலிருந்து கீழே ஒரு கோடு, அப்படியே வலப்பக்கம் இழுத்தால் ட. இழுத்ததை மேலே ஏற்றினால் ப. ஏறின கோட்டை உள்பக்கம் வளைத்து இறக்கினால் ம. ஒன்றிலிருந்து ஒன்று முளைக்கிற மாதிரி இருப்பதால் கைக்கும் பிடிபடும். இதோடு புள்ளியையும் ா என்ற துணைக்காலையும் சேருங்கள். ஐந்தே ஐந்து உருப்படி. கிடைக்கிற சொற்கள்: படம், பாடம், மடம், மாடம், பட்டம், மட்டம், மாமா. முதல் வாரத்துக்கு இது தாராளம்.

இரண்டாவது வாரம் அ, க, த, அதோடு மேலே வளைகிற ி. அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, தம்பி, கத்தி, மாடி, பாதி, அடி. கவனிக்க: டி, டீ இரண்டும் ஒட்டிப்பிறந்த எழுத்துகள், மற்றவை போலத் தனியாகக் கொக்கி மாட்டியது போலத் தெரியாது. "ட-வுக்கு மேல கொக்கி" என்று விளக்கப் போனால் குழம்பும். டியைப் புது எழுத்தாகவே காட்டிவிடுங்கள்.

நேரம் 20 நிமிடம், வாரத்தில் ஆறு நாள். அரைமணி ஆனால் கடைசிப் பத்து நிமிடத்தில் முதலில் கற்றதும் குழம்பும். புதிய எழுத்து நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. இன்று கற்றதை நாளை, அப்புறம் மூன்றாம் நாள், அப்புறம் ஒரு வாரம் கழித்து எடுத்துப் பார்க்க வேண்டும். எழுத்துகளை அட்டையில் எழுதி, இந்த மூன்று இடைவெளிக்கும் ஒவ்வொன்றாக மூன்று டப்பா வைத்துக்கொள்ளுங்கள். தடுமாறின அட்டை முதல் டப்பாவுக்குத் திரும்பும், தடுமாறாதது அடுத்ததுக்கு நகரும். டப்பாவுக்குப் பொறுப்பு பேத்தி.

---

ஒற்றுப்பிழை

கரும்பலகை சொன்னதில் எனக்கு ஒரு மறுப்பு, ஒரு சேர்க்கை.

மறுப்பு: முதல் சொல் "படம்" ஆக இருக்க வேண்டியதில்லை. அவரவர் பெயராக இருக்கலாம். ஏழெட்டு எழுத்து ஆனாலும், ஜ, ஷ, ஸ வந்தாலும் பரவாயில்லை. பெயரை எழுத்தெழுத்தாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்க வேண்டாம், ஒரு படம் பார்ப்பது போல முழுசாக அடையாளம் தெரிந்தால் போதும். கைநாட்டு வைத்துப் பழகியவருக்கு அதன் மதிப்பு வேறு.

சேர்க்கை: க் + இ = கி என்று பள்ளிக்கூட முறையில் விளக்காதீர்கள். பேத்தி அப்படித்தான் சொல்லிக்கொடுப்பாள், அவளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். எழுத்தறியாதவர் காதில் "கி" என்பது உடைக்க முடியாத ஒரே ஒலி. மொரைஸ் என்பவரும் அவர் குழுவும் போர்ச்சுகலில் செய்து 1979இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. ஒரு சொல்லின் முதல் ஒலியை மட்டும் நீக்கிச் சொல்லச் சொன்னால் எழுத்தறியாத பெரியவர்களில் பெரும்பாலோரால் முடியவில்லை. வயதான பிறகு படிக்கக் கற்றவர்களால் முடிந்தது. ஆக, ஒலியைப் பிளக்கும் பழக்கம் எழுத்தைக் கற்பதால் வருகிறது. கற்கும் முன்பே அதை எதிர்பார்த்தால் எங்கிருந்து வரும்? நல்ல வேளையாகத் தமிழ் எழுத்து அசையசையாக நிற்கிறது. க, கா, கி என்று முழுசாகக் காட்டுங்கள். க் என்ன, இ என்ன என்பதெல்லாம் ஆறு மாதம் கழித்து.

---

வினாக்குறி

247 எழுத்தையும் முழுசு முழுசாகக் காட்டினால் எப்போது முடிப்பது?

---

ஒற்றுப்பிழை

247 என்பது பயமுறுத்துகிற எண், அவ்வளவுதான். ங, ஙா, ஙி என்று ஒரு வரிசையே இருக்கிறது. எந்தச் செய்தித்தாளில் பார்த்தீர்கள்? ங் என்பது ங்க-வில் வரும். ஞ் பெரும்பாலும் ஞ்ச-வில் வரும், ஞாயிறு, ஞாபகம் என்று சில சொற்கள் தனி. ஔ வரிசையை ஓரமாக வையுங்கள். ஃ ஒரே ஒரு எழுத்து.

மீதியில் ா, ி, ீ, ெ, ே, ை எல்லாம் ஒரே அடையாளம்தான், டி, டீ தவிர எந்த எழுத்தோடும் அப்படியே சேரும். அலைக்கழிப்பது உ, ஊ வரிசை. அதையும் 36 தனி எழுத்தாகப் பார்க்காமல் குடும்பமாகப் பிரியுங்கள். சு, பு, யு, வு ஒரு குடும்பம், கீழே நேராக ஒரு கோடு இறங்கும். து, நு, ணு, னு, லு, று இன்னொன்று, கீழே போய் வலப்பக்கம் திரும்பும். இந்தக் குடும்பத்துக்கு ஒரு கால் வைத்தால் தூ, நூ, லூ கிடைத்துவிடும். கு, டு, மு, ரு, ழு, ளு மூன்றாவது. கூவும் சூவும் எதற்கும் கட்டுப்படாதவை, தனி அட்டை. டு, கு, து மூன்றையும் முதலிலேயே கொடுத்துவிட்டால் மாடு, பாட்டு, தட்டு, கட்டு, பத்து எல்லாம் கைக்கு வரும்.

இன்னொன்று, இரட்டை எழுத்துகளை ஒரே அட்டையில் எழுதுங்கள்: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற, க்க, ட்ட, த்த, ப்ப, ற்ற. "இந்த இடத்தில் க-வை மென்மையாகச் சொல்லணும்" என்று விதி சொல்ல வேண்டியதே இல்லை. "ங்க" என்ற அட்டையைத் "தங்கம்" என்ற சொல்லில் பார்த்தவர் வாயில் சரியான ஒலி தானாக வரும். அவருக்குத் தமிழ் தெரியும் ஐயா, எழுத்துதான் தெரியாது.

---

தாள்கத்தி

அட்டை செய்யும் முறை. எழுத்து அட்டை 8க்கு 8 செ.மீ. கொம்பு, கால் இரண்டுக்கும் 4க்கு 8 செ.மீ. எழுத்தின் தடிமன் 4 அல்லது 5 மி.மீ. வருகிற பட்டை மார்க்கர், கறுப்பு. வெள்ளையைவிட லேசான பழுப்பு அட்டை கண்ணைக் கூசாது. புள்ளியையும் ி, ீ இரண்டையும் தனி அட்டையில் எழுதாதீர்கள், எழுத்தின் மேல் ஏறி உட்கார வேண்டியவை அவை. புத்தகத்துக்குப் போடுகிற கண்ணாடி பிளாஸ்டிக் உறையை அதே 8க்கு 8 அளவில் வெட்டி, அதில் அழியா மை மார்க்கரால் வரைந்து, எழுத்தின் மேல் படிய வையுங்கள். க-வின் மேல் படிந்தால் கி. எடுத்தால் க. டி, டீ மட்டும் இதில் சரிப்படாது, முன்னாலேயே சொல்லிவிட்டார்கள்.

கொம்பில்தான் பெரிய சண்டை நடக்கும். ே முதலில் எழுதப்படுகிறது, கடைசியில் ஒலிக்கிறது. இடமிருந்து வலமாக ஒழுங்காகப் படிக்கக் கற்றவர் "கேட்டு" என்பதைப் பார்த்து ஏதோ ஒரு எழுத்தைத் தேடிக்கொண்டு நிற்பார். தப்பு அவர் மேல் இல்லை. இப்படிச் செய்யுங்கள்: மேசையில் "க" அட்டை மட்டும். அவர் "க" என்பார். பேத்தி ே அட்டையை இடப்பக்கத்திலிருந்து தள்ளிக்கொண்டுவந்து க-வோடு ஒட்ட வேண்டும். ஒட்டும்போதே "க... கே" என்று இழுத்துச் சொல்ல வேண்டும். பின்னால் இழுத்தால் மறுபடி "க". பத்துத் தடவை. அப்புறம் வலப்பக்கம் கால் அட்டையைத் தள்ளினால் "கோ". ஒரே எழுத்து நடுவில் நிற்க, இரண்டு பக்கமும் ஆள் வந்து சேருகிறார்கள் என்பது கண்ணுக்கே தெரியும். கொம்பைத் தொடங்குவது ஐந்தாம் வாரத்துக்கு முன்னால் வேண்டாம்.

---

நடுப்பெஞ்சு

ஒரு விஷயத்தை யாரும் தொடலியே. பாட்டி வாயில் இருக்கிற தமிழும் தாளில் இருக்கிற தமிழும் வேற வேற. அவர் சொல்றது எலை, தாள்ல இருக்கிறது இலை. ஒடம்பு, தாள்ல உடம்பு. வெலை, விலை. கொடை, குடை. எழுத்து எழுத்தா சரியாவே படிப்பார், "கு... டை... குடை", ஆனா அது எந்தப் பொருள்னு மனசில விழாது. பேத்தி "கொடைதான் பாட்டி" என்பாள். "அப்ப கொ-ன்னுதானே போடணும்?" என்பார். நியாயமான கேள்வி.

இதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு, சொல்லிக்கொடுக்கிறவருக்குத் தெரிஞ்சா போதும். முதல் எழுத்து இகரமோ உகரமோ, அடுத்து ஒரே ஒரு மெய், அதுல அ-வோ ஐ-யோ ஏறியிருந்தா, பேச்சில இ எ-ஆகும், உ ஒ-ஆகும். இடம் எடம், புகை பொகை, விறகு வெறகு. கொடு மட்டும் எதிர்ப்பக்கம் போய்க் குடு ஆகும். அதனால முதல் ஆறு வாரம் இந்த மாதிரிச் சொல் எதையும் கொடுக்காதீங்க. மாடு, வீடு, பாட்டு, தட்டு, தாத்தா, கத்தி, தம்பி, வண்டி: வாயிலும் தாளிலும் ஒண்ணா இருக்கிற சொல் நிறைய இருக்கு.

வினைச்சொல் இன்னும் மோசம். "வருகிறார்கள்" என்பதைப் பாட்டி ஒரு நாளும் சொன்னதில்லை, வர்றாங்கதான். "இருக்கிறது" இல்ல, இருக்கு. அதனால் சொந்தமா வாக்கியம் எழுதும்போது பெயர்ச்சொல்லை எழுத்துத் தமிழிலும் வினையைப் பேச்சுத் தமிழிலும் வைங்க. "மழை வருது. துணி எடு." "தம்பி வீட்டில் இருக்கான்."

---

அகரமுதல்

பேச்சுத் தமிழில் எழுதிப் பழக்கிவிட்டால் பிறகு செய்தித்தாளோ விண்ணப்பமோ படிக்க முடியாமல் போகும். எந்தப் பொது எழுத்திலும் "வருது" இருக்காது. முதலிலிருந்தே எழுத்துத் தமிழ்தான் சரி என்பது என் கருத்து. இவர்கள் காதுக்கு எழுத்துத் தமிழ் புதிதில்லையே. செய்தி கேட்கிறார்கள், மேடைப் பேச்சு கேட்கிறார்கள்.

---

நடுப்பெஞ்சு

கேட்டுப் புரிஞ்சுக்கிறது வேற, தட்டுத்தடுமாறி எழுத்துக் கூட்டிப் புரிஞ்சுக்கிறது வேற. "வ... ரு... கி... றா... ர்... க... ள்" முடியறதுக்குள்ள வாக்கியத்தோட தொடக்கம் மறந்துடும். "வருது" மூணே எழுத்து. நான் சொல்றது மூணு மாசத்துக்குத்தான். அப்புறம் ஒரே வாக்கியத்தை மேலே "மழை வருது", கீழே "மழை வருகிறது" என்று எழுதி இரண்டையும் படிக்க வைங்க. "கிற" என்ற துண்டைப் பென்சிலால வட்டம் போடுங்க. பத்து வாக்கியத்தில் பிடிபட்டுடும்.

---

கரும்பலகை

நடுப்பெஞ்சு பக்கம் என் ஓட்டு. அதே காரணத்துக்காக, கையால் எழுதும் அட்டைகளில் முதல் சில மாதம் வல்லெழுத்து மிகுவதையும் விட்டுவிடலாம் என்பேன். "வீட்டைப் பார்" என்பதில் அந்த "ப்" எந்தச் சொல்லைச் சேர்ந்தது என்று கேட்டால் பேத்தியால் பதில் சொல்ல முடியாது.

---

ஒற்றுப்பிழை

என் பெயரை வைத்துக்கொண்டு இதற்கு ஒப்புதல் கொடுக்க முடியாது. சரி, மூன்று மாதம். அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை.

---

வினாக்குறி

மனசில் நிற்குமா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. எழுத வைக்கணுமா என்பதற்கும்.

---

அகரமுதல்

நிற்கும். 2010இல் மூளைப் படம் எடுத்துச் செய்த ஆய்வு ஒன்று வந்தது. தெஹேன் என்ற பிரெஞ்சு ஆய்வாளரின் குழு செய்தது. பிரேசில், போர்ச்சுகல் நாட்டவர் 63 பேர்: எழுத்தறியாதவர் 10, பெரியவர்களான பிறகு படிக்கக் கற்றவர் 22, சிறு வயதில் பள்ளியில் கற்றவர் 31. எழுத்தைக் கண்டதும் விழித்துக்கொள்கிற பகுதி ஒன்று மூளையின் இடப்பக்கத்தில் உருவாகிறது. அது வளர்ந்த பிறகு கற்றவர்களிடமும் உருவாகியிருந்தது. கென்யாவின் கிமானி மாருகே 2004இல் தொடக்கப் பள்ளியில் முதல் வகுப்பில் சேர்ந்தபோது அவருக்கு வயது 84.

வேகத்துக்கு ஒரு அளவு வேண்டுமென்றால், பாவ்லோ பிரெய்ரே என்ற பிரேசில் கல்வியாளர் அந்நாட்டின் ஆஞ்சிகோஸ் ஊரில் 1963இல் 300 தொழிலாளர்களுக்கு நடத்திய வகுப்பு சுமார் 40 மணி நேரம். செங்கல் என்று பொருள்படும் "திஜோலோ" போன்ற அன்றாடச் சொல்லை எடுத்து, அசையசையாக உடைத்து, அந்த அசைகளின் குடும்பத்தைக் காட்டி, அதிலிருந்து புதுச் சொற்களை அவர்களையே கட்டச் செய்த முறை. நாளைக்கு 20 நிமிடம், வாரம் ஆறு நாள் என்றால் உங்களுக்கு 40 மணி ஆக 20 வாரம். ஆனால் அங்கே எழுத்து குறைவு, சொல்லிக்கொடுத்தவர்கள் பயிற்சி பெற்றவர்கள். 20 வாரத்தை இலக்காக வைத்துப் பேத்தியை விரட்ட வேண்டாம்.

---

தாள்கத்தி

எழுத வையுங்கள், ஆனால் அழகை எதிர்பார்க்காதீர்கள். எழுதினால் எழுத்து நன்றாக நிற்கும், குறிப்பாக எ/ஏ, ஒ/ஓ, ப/ய/ம, ண/ன போன்ற ஜோடிகள். கை நடுங்குகிறவர் முழங்கையை மேசையில் ஊன்றட்டும். மெல்லிய பேனா வேண்டாம், தடித்த பென்சில், 2பி ஈயம், அழுத்தாமலே விழும். கோட்டுக்குக் கோடு 2 செ.மீ. இடைவெளி. ஒரு எழுத்தை ஒரு பக்கம் முழுக்க எழுதச் சொல்லாதீர்கள். நாலாவது தடவைக்கு மேல் கைதான் எழுதும், கண் பார்க்காது. நாலு எழுதியதும் மூடிவைத்து, பார்க்காமல் ஒன்று.

ல/ள/ழ, ர/ற, ந/ன/ண எது எங்கே வரும் என்பதில் திருத்தம் வேண்டவே வேண்டாம். படிப்பதற்கு அது தடையில்லை. பேத்தியிடமும் அந்தப் பிழைகள் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். அவள் எழுதும் அட்டைகளை ஒரு தடவை பெரியவர் யாராவது பார்த்துவிடுவது நல்லது. தப்பாகப் பதிந்ததை அழிப்பது, புதிதாகக் கற்பதைவிடக் கஷ்டம்.

---

நடுப்பெஞ்சு

பேத்திக்குத்தான் முதல்ல பயிற்சி தேவை, பாட்டிக்கு இல்ல. இதை நல்லா எழுதிவைச்சுக்குங்க.

பாட்டி "ப..." என்று வாயெடுப்பதற்குள்ள பேத்தி "படம்!" என்று சொல்லிடும். சின்னப் பிள்ளைக்கு அந்த மௌனம் தாங்காது. மேசைக்குக் கீழே ஒரு கையோட அஞ்சு விரலையும் ஒவ்வொண்ணா மடக்கி முடிச்ச பிறகுதான் வாயைத் திறக்கணும் என்று பழக்குங்க. திறந்தாலும் விடையைச் சொல்லாமல், நின்ன எழுத்தை விரலால தொட்டால் போதும். "தப்பு" என்ற சொல்லே வேண்டாம். "வெரி குட்" அதைவிட வேண்டாம், தனக்கு ஆசிரியர் சொல்றதைப் பிள்ளை பாட்டிக்குச் சொல்லும், முதல் நாள் சிரிப்பார், நாலாம் நாள் சுருக்குனு இருக்கும். படம் போட்ட குழந்தைப் புத்தகமும் அப்படித்தான். விருந்தாளி வந்திருக்கும்போது "பாட்டி, படிச்சுக் காட்டு" என்று கேட்கவே கூடாது.

மூணாவது வாரத்தில் பிள்ளைக்கு அலுக்கும். இது கட்டாயம் நடக்கும், பிள்ளையைத் திட்டாதீங்க. அந்த நேரத்தில் திசையை மாத்துங்க: பாட்டி சொல்லச் சொல்லப் பேத்தி எழுதணும். விடுகதை, பழமொழி, நாளைக்குச் செய்ய வேண்டிய வேலை, எதுவா இருந்தாலும் மூணு வரி. எழுதினதைப் பாட்டி படிக்கணும். இப்ப சரக்கு பாட்டி கையில், எழுத்து பேத்தி கையில்.

---

அகரமுதல்

இதில் ஒரு பொறி இருக்கிறது. தன் வாயால் சொன்னதை அவர் படிக்கவே மாட்டார், ஒப்பிப்பார். எழுத்தில்லாமல் வாழ்ந்தவரின் நினைவாற்றல் நம்முடையதைப் போல இல்லை, மூன்று வரி என்ன, முப்பது வரி நிற்கும். விரல் ஒரு சொல்லில் இருக்கும், வாய் மூன்று சொல் தாண்டிப் போயிருக்கும். பேத்தி அதைப் படிப்பு என்று நம்பிவிடுவாள்.

---

கரும்பலகை

உண்மை, ஆனால் அதற்காக அந்த முறையைக் கைவிட வேண்டாம். எழுதிய வரியைச் சொல் சொல்லாக வெட்டிக் கலைத்துப் போடுங்கள். அவர் அடுக்கிக் கொடுக்கட்டும். பழமொழி என்றால் நடுவில் ஒரு சொல்லை மாற்றி வையுங்கள். "ஆடத் தெரியாதவள்" இருக்க வேண்டிய இடத்தில் "பாடத் தெரியாதவள்" இருந்தால், படிக்கிறவர் நிற்பார், ஒப்பிக்கிறவர் நிற்க மாட்டார். சிரித்துக்கொண்டே செய்யலாம், சோதனை மாதிரி இருக்காது. மறுநாள் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்கச் சொல்வதும் ஒரு வழி.

இதற்கு நேர்மாறான சிக்கல், முதல் எழுத்தைப் பார்த்து ஊகித்துவிடுவது. "மாடி"யைப் பார்த்து "மாடு". இதற்கு அட்டைகளை ஒரே குடும்பமாகக் கொடுங்கள்: மாடு, மாடி, மாடம், மாதம். கடைசி எழுத்து வரை பார்க்காமல் தப்பிக்க முடியாது. வரி தாண்டிப் போகிறவருக்கு வரிக்குக் கீழே ஒரு கெட்டி அட்டை. விரல் வைத்துப் படித்தால் படிக்கட்டும், யாரோ அது கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறார்கள், காரணமில்லாத தடை. "எடுத்துக்கொண்டிருந்தார்கள்" போன்ற ரயில்பெட்டிச் சொற்களில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டுப் பிரியுங்கள்: எடுத்து/க்கொண்டு எனத் தொடங்கி, காதுக்கு இயல்பாக எங்கே உடைகிறதோ அங்கே.

---

மூக்குக்கண்ணாடி

போன் பற்றி ஒரு வார்த்தை. முதல் மாதம் வேண்டாம். பிறகு இரண்டு உபயோகம் உண்டு. ஒன்று, தொடர்பு எண்களின் பட்டியல். பெயர்களைத் தமிழில் பதிந்து பக்கத்தில் முகப்படமும் வையுங்கள். இரண்டு வாரம் கழித்து ஒவ்வொரு படமாக நீக்கிவிடுங்கள். அழைக்க வேண்டும் என்றால் பெயரைப் படித்தாக வேண்டும். இரண்டு, பேத்தி தினம் ஒரு செய்தி அனுப்பட்டும், மூன்றே சொல், குரல் பதிவு இல்லாமல். எழுத்தளவை அமைப்பில் போய் முழுசாகக் கூட்டுங்கள், கறுப்புப் பின்னணியை எடுத்துவிடுங்கள். பேசினால் எழுத்தாக மாற்றித் தருகிற வசதியை இப்போது தொடாதீர்கள். பேச்சுத் தமிழைக் கேட்டு அது எதையாவது எழுதிவைக்கும், பாட்டி தன்மேல்தான் தவறு என்று நினைப்பார்.

இன்னொன்று, நேர்கோடு வளைந்து தெரிகிறது, வரியின் ஒரு பக்கம் மட்டும் எப்போதும் விடுபடுகிறது, நன்றாகத் தெரிந்த எழுத்து திடீரென மொத்தமாக மறக்கிறது என்றால் பாடத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

---

ஒற்றுப்பிழை

வீட்டிலிருக்கும் பழைய புத்தகத்தை எடுத்துக் கொடுக்கும் முன் அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள். 1978இல்தான் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முன் ணா, றா, னா மூன்றும், ணை, லை, ளை, னை நான்கும், ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆறும் வேறு வடிவில் இருந்தன, மொத்தம் 13. அன்றைய லை-க்கு முன்னால் தும்பிக்கை மாதிரி ஒன்று வளைந்து நிற்கும். இப்போதுதான் கற்றவர் அதைப் பார்த்தால் தான் கற்றதையே சந்தேகிப்பார்.

கால் (ா) என்பதும் ர என்பதும் கையெழுத்தில் ஒன்றாகத் தெரியும். அட்டை எழுதும்போது ர-வின் காலடியில் அந்தச் சாய்ந்த சிறு கோட்டை மறக்காமல் இழுங்கள்.

---

வினாக்குறி

நிறையக் கிடைத்தது, நன்றி. கடைசியாக ஒன்று. ஔ வரிசையை ஓரமாக வை என்றீர்கள். பாட்டிக்குத் தெரிந்த விடுகதை ஒன்று வௌவாலைப் பற்றியது. அட்டையில் எழுதினால் "வெ... ள... வா... ல்" என்று படிக்கிறார்கள். ௌ-வில் இருக்கிற அந்த வால் ள மாதிரியேதான் இருக்கிறது. எப்படி விளக்குவது?

---

கரும்பலகை

விளக்க முடியாது. அச்சிலேயே பாதிப் பேர் ள போட்டுத்தான் எழுதுகிறார்கள்.

---

ஒற்றுப்பிழை

"வவ்வால்" என்று எழுதிக் கொடுங்கள். ஔவையை அவ்வை என்று எழுத இலக்கணம் இடம் கொடுத்திருக்கிறது, போலி என்று பெயர். வ, வ், வா, ல். நாலும் அவருக்கு வாரக்கணக்கில் பழகிய எழுத்துதானே.